ஆறே ஆறு மாத்திரை

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் வேலை அவளுக்கு. முன்னால் வாடிக்கையாளர்கள் ஃபிரேமை மாற்றி மாற்றிப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னால், ஜன்னல் இல்லாத எட்டடி அறையில், தண்ணீர் தெளிக்கத் தெளிக்கச் சுழலும் கல்லின் முன் உட்கார்ந்து, வட்ட லென்ஸை ஃபிரேமுக்குத் தக்கபடி தேய்த்து அவள் பொருத்திக்கொண்டிருப்பாள். பதினோரு வருடப் பழக்கம். ஒரு லென்ஸை எடுத்துச் சுவரிலிருக்கும் கறுப்புக் கோட்டுக்கு நேராகப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்தால் போதும், கோடு நகர்கிற நகர்வைப் பார்த்தே பவர் என்ன என்று பிசகாமல் சொல்லிவிடுவாள். அதனால் கடையில் அவளுக்குப் 'பவர் அக்கா' என்று பெயர். மேனேஜருக்குப் 'பூதக்கண்ணாடி' என்று பெயர். அது அவருக்குத் தெரியாது.

அவள் போட்டிருந்த கண்ணாடியும் அவளே செய்துகொண்டதுதான். பவர் எதுவும் கிடையாது. லேசாகப் பழுப்பு நிறம் ஏற்றியது.

"ரூமுக்குள்ள உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு எதுக்கு கூலிங்கிளாஸ்?" என்று பூதக்கண்ணாடி ஒருமுறை கேட்டார்.

"தூசி தெறிக்குது சார்" என்றாள்.

காரணம் வேறு. அவள் சாப்பிட்டுவந்த மாத்திரை கண்ணின் வெள்ளையை மஞ்சளாக்கும். அதனால் உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஈரலுக்கு ஒன்றும் ஆகாது என்று சிகிச்சை மையத்தில் சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆனால் பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? காமாலையா, எந்த டாக்டரைப் பார்த்தாய், என்ன மாத்திரை கொடுத்தார் என்று நூலைப் பிடித்துக்கொண்டே போவார்கள். போய் முட்டுகிற இடம் எச்.ஐ.வி.

அது அவள் கணவனிடமிருந்து வந்தது. அவன் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அவன் போன துக்கத்தில் இவள் ஆறு மாதம் மாத்திரையைத் தொடாமல் கிடந்தாள். அதற்குள் பழைய மாத்திரைக்குக் கிருமி அடங்காமல் போய்விட்டது. வேறு மாத்திரைக்கு மாற்றினார்கள். "உயிர் வேணும்னா இதை ஒரு நாள்கூட விடக் கூடாது" என்று மையத்து நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னாள். அன்றிலிருந்து அவள் விட்டதில்லை. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் இரண்டு மாத்திரை. ரத்தப் பரிசோதனையில் கிருமி அகப்படாத அளவுக்குக் குறைந்து சில வருடங்கள் ஆகியிருந்தன.

குடியிருந்தது அண்ணன் வீட்டில். அண்ணன் சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை பார்ப்பவர். ஒரு தடவை கிளம்பினால் திரும்ப ஒன்பது மாதம் ஆகும். வீட்டில் இருப்பது அண்ணியும், நாலாவது படிக்கும் அண்ணன் மகளும். அவளைச் சின்னக்குட்டி என்று கூப்பிடுவார்கள். சின்னக்குட்டிக்குத் தலை பின்னி விடுவதும், வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பதும், மிச்சம் வைத்த சாப்பாட்டைத் திட்டிக்கொண்டே தான் சாப்பிட்டு முடிப்பதும் அத்தைதான். அண்ணி ஒரு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்த்தாள். நாற்பது பிள்ளைகளை அதட்டி அதட்டி, சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கிற குரல் ஆகிவிட்டது.

இவள் நோய் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். "உங்க அண்ணிகிட்ட நேரம் பார்த்து நானே சொல்றேன், நீ வாயைத் திறக்காதே" என்று ஏழு வருடத்துக்கு முன்னால் சொன்னார். அந்த நேரம் இன்னும் வந்தபாடில்லை. இவளும் மாத்திரைகளைச் சத்து மாத்திரை டப்பா ஒன்றில் கொட்டி வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள். ஒன்று இரும்புச்சத்து, ஒன்று கால்சியம் என்பது அண்ணியின் நம்பிக்கை. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு நடக்கிறவள் சேலை பொசுங்காமல் நடக்கவும் பழகிக்கொள்கிறாள்.

மையத்தில் ஒரு தாளும் கொடுத்திருந்தார்கள். இந்த மாத்திரையோடு சேரவே கூடாத மருந்துகளின் பட்டியல். "எந்தக் கடையில எது வாங்கினாலும் எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்கு. சளி மருந்தா இருந்தாலும் சரி" என்று நர்ஸ் சொன்னாள். அவள் தலையை ஆட்டினாள். அந்தத் தாள் வீட்டில் யார் கண்ணிலாவது பட்டால்? பஸ் நிறுத்தத்திலேயே எட்டாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டாள்.

அந்த வாரம் கடைக்கு ஒரே சமயத்தில் முந்நூறு கண்ணாடிக்கு ஆர்டர் வந்தது. ஏதோ ஒரு கம்பெனி தன் ஆட்கள் எல்லோருக்கும் கண் பரிசோதனை நடத்தியிருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் அவளுக்கு இடது பக்கப் பொட்டில் தலைவலி பிடித்தது. உளியை வைத்துத் தட்டுகிற மாதிரி. வெளிச்சத்தைப் பார்த்தால் வாந்தி வந்தது. பக்கத்து மருந்துக் கடைக்குப் போனாள்.

மருந்துக் கடைக்காரர் நல்ல மனிதர். ஒரு மாத்திரை கேட்டால் இரண்டு கேள்வி கேட்பவர். "ஒரு பக்கமா வலிக்குதா? வாந்தி வருதா? அப்ப இது ஒற்றைத் தலைவலிதான்" என்று ஒரு அட்டையை எடுத்தார். கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே, "வேற ஏதாவது மாத்திரை தொடர்ந்து சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார்.

பக்கத்தில் பூதக்கண்ணாடி நின்று இருமல் மிட்டாய் வாங்கிக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க" என்றாள்.

ஆறு மாத்திரை. திங்கட்கிழமை இரண்டு, செவ்வாய் இரண்டு. தலைவலி சொன்ன பேச்சுக் கேட்டது. புதன்கிழமை கால் விரல்களில் எறும்பு ஊர்வது போலிருந்தது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய மாத்திரை சாப்பிட்ட காலத்தில் பாதம் இரண்டும் மரத்துப்போய்ச் செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் அரைத் தெரு நடந்தவள் அவள். அந்தப் பழைய சனியன் திரும்ப வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அன்றைக்குத் தலை மறுபடியும் விண்ணென்றது. ஐந்தாவது மாத்திரை. வியாழக்கிழமை காலையில் ஆறாவது.

வியாழன் மத்தியானம் ஒரு லென்ஸ் கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. அடுத்தது எடுத்தாள். அதுவும் விழுந்தது. அப்போதுதான் விரல்களைப் பார்த்தாள். தண்ணீரில் வேலை செய்கிற கை சுருங்கி வெளுத்திருப்பது வழக்கம்தான். ஆனால் இது வேறு வெளுப்பு, மெழுகுவர்த்தி மாதிரி. கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வேறு யாரோ தொட்டது போல ஜில்லென்றிருந்தது.

"பவர் அக்காவுக்கே பவர் போயிருச்சா?" என்று முன்னறையிலிருந்து யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றியவள் அம்மா என்று அலறி உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பாதமும் கெண்டைக்கால் வரைக்கும் வெளுத்து, விரல்கள் மட்டும் நாவல் பழம் மாதிரி கறுத்திருந்தன. அண்ணி ஓடிவந்து பார்த்தாள். வழக்கமாக வாய் ஓயாதவள், ஒரு வார்த்தை பேசாமல் வேன் டிரைவருக்குப் போன் போட்டாள். பிள்ளைகளை ஏற்றப் போக வேண்டிய வேன் அன்றைக்கு முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனது.

ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது ஒரு சின்ன டாக்டர். சின்ன டாக்டர் என்று வார்டில் எல்லோரும் சொல்வார்கள். முப்பது வயது இருக்கும், குச்சி மாதிரி பெண். கணுக்காலில் விரலை வைத்தாள். இடம் மாற்றி வைத்தாள். முழங்கால் மடிப்பில் வைத்தாள். பிறகு மணிக்கட்டில். கையைக் கீழே வைக்கும்போது முகம் மாறியிருந்தது.

"நாடி கிடைக்கலை" என்றாள். "நாலு இடத்துலயும் கிடைக்கலை."

ரத்தம் உறைந்திருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். உறையாமலிருக்க ஊசி போட்டு, சாயம் செலுத்தி ஸ்கேன் எடுத்தார்கள். மாலையில் அறுவை சிகிச்சை செய்யும் பெரிய டாக்டர் படத்தோடு வந்தார். சுருக்கமாகப் பேசுகிறவர்.

"உறைவு எதுவும் இல்லை. குழாய் எல்லாம் நூல் மாதிரி சுருங்கிக் கிடக்கு. கையிலயும் கால்லயும். புகை பிடிப்பீங்களா?"

"ஐயோ, அவளா? ஊதுபத்தி கொளுத்தினாலே இருமுவா" என்றாள் அண்ணி.

"சமீபத்துல என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

அவள் தலைவலி மாத்திரையைச் சொன்னாள். சின்ன டாக்டர் நிமிர்ந்தாள். அந்த மாத்திரை ரத்தக் குழாயைச் சுருக்கும், அதனால்தான் தலைவலியே நிற்கிறது என்று விளக்கிவிட்டு, "எத்தனை போட்டீங்க? உண்மையைச் சொல்லுங்க" என்றாள்.

"ஆறு."

"ஒரு நாளைக்கா?"

"மொத்தமே ஆறு. நாலு நாள்ல."

சின்ன டாக்டர் பெரிய டாக்டரைப் பார்த்தாள். "ஆறு மாத்திரைக்கு இவ்வளவு ஆகாது" என்றார் அவர். "வேற என்னமோ இருக்கு. வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

அவள் அண்ணியைப் பார்த்தாள். அதற்குள் அண்ணி பதில் சொல்லிவிட்டாள். "ஒண்ணும் இல்ல டாக்டர். சத்து மாத்திரைதான். இரும்பும் கால்சியமும். மத்தியானம்கூடக் குடுத்தேனே."

ஆமாம், கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அவசரத்திலும் மாற்றுத்துணி, சீப்பு, டம்ளரோடு அந்த டப்பாவையும் மறக்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள் அண்ணி. மத்தியானம் சாப்பாடு ஊட்டிவிட்டு, விரலால் பிடிக்க முடியாதவளுக்குத் தன் கையாலேயே மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். எட்டு வருடத்தில் ஒரு நாள் விடாத மாத்திரை. அதை விழுங்கியபோது, இதையாவது விடாமல் செய்தோமே என்று அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை காலையில் கால் விரல்களின் கறுப்பு ஒரு விரற்கடை ஏறியிருந்தது. வலி நிற்கவே இல்லை. இடுக்கியால் பிடித்துத் திருகுவது போல. பெரிய டாக்டர் வந்து போர்வையை விலக்கிப் பார்த்தார். விரித்துவிடும் மருந்து சொட்டுச் சொட்டாக ஏறிக்கொண்டிருந்தும் குழாய்கள் இளகவில்லை.

"சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம். மாறலைன்னா இடது கால்ல விரல்களை எடுக்க வேண்டியிருக்கும். பாதத்தைக் காப்பாத்தணும்னா லேட் பண்ணக் கூடாது."

"கை?" என்று கேட்டாள் அவள்.

அவர் கேஸ் அட்டையில் ஏதோ எழுதினார்.

அவர் போன பிறகு அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஆறு மாத்திரைக்கு இவ்வளவு ஆகாது என்றால், மிச்சம் எது? பஸ் நிறுத்தத்தில் கிழித்துப் போட்ட தாள் நினைவுக்கு வந்தது. அதில் என்னென்ன மருந்து எழுதியிருந்தது என்று ஒரு வரிகூட நினைவில்லை. படித்திருந்தால்தானே. ஆனால் இதைச் சொல்லியாக வேண்டும் என்று மட்டும் தெரிந்தது. சின்ன டாக்டரிடம் தனியாக ஒரு நிமிடம் கிடைத்தால் போதும்.

அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. அண்ணி கட்டிலை விட்டு அசைவதாக இல்லை.

"அண்ணி, கொஞ்சம் வெந்நீர் பிடிச்சிட்டு வாங்களேன்."

"பிளாஸ்க் நிறைய இருக்கு."

"வீட்டுக்குப் போய்ச் சின்னக்குட்டியைப் பார்த்துட்டு வாங்க."

"அவ பக்கத்து வீட்டுல நல்லாத்தான் இருக்கா. போன்ல பேசினேன். நீ பேசாம படு."

"நேத்துல இருந்து நீங்க சாப்பிடவே இல்லையே."

"இப்பத்தான் எதிர்க்கட்டில் அம்மா குடுத்தாங்க, சாப்பிட்டேன்."

எதிர்க்கட்டிலில் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த அம்மா, "என்னம்மா, அண்ணியை விரட்டறதுலயே குறியா இருக்கே?" என்றாள். அவளுக்கு அசையத்தான் முடியாது. கண்ணும் காதும் வார்டு முழுக்க உலாவிக்கொண்டிருந்தன.

பதினொரு மணிக்கு சின்ன டாக்டர் வந்தாள். கூடவே நர்ஸ், இரண்டு மாணவர்கள். சொல்ல வாயைத் திறந்த அவள், அவர்களைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். அவர்கள் போன பிறகு அண்ணியிடம் பேனாவும் காகிதமும் கேட்டாள்.

"எதுக்கு?"

"கடைக்கு லீவு எழுதணும்."

"சாகக் கிடக்கும்போதும் லீவு லெட்டர்" என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணி கொடுத்தாள். அவள் பேனாவை விரல்களுக்கு நடுவே நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்து ஒரு எழுத்துப் போட்டாள். கோழி கிளறியது போல ஒரு கிறுக்கல் விழுந்தது. லென்ஸை மயிரிழை பிசகாமல் தேய்க்கிற கை அது. பேனா உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அண்ணி குனிந்து தேடி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஒரு மணிக்குச் சாப்பாடு. நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. ஒன்றரைக்கு சின்ன டாக்டர் மறுபடியும் வந்தாள், இந்தத் தடவை தனியாக. ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்க வந்திருந்தாள். கையெழுத்துப் போட முடியாவிட்டால் கைநாட்டு வைத்தால் போதும் என்றாள். பிறகும் போகாமல், கட்டில் ஓரத்தில் நின்று, தனக்குத் தானே கேட்பது போல, "எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை. மருந்தை நிறுத்தி ரெண்டு நாள் ஆச்சு. இந்நேரம் உடம்பை விட்டு இறங்கியிருக்கணும். ஏன் இறங்கலை?" என்றாள்.

"டாக்டர், ஒரு நிமிஷம்" என்று அண்ணி குறுக்கிட்டாள். "மணி ஆச்சு, இவளுக்கு மாத்திரை குடுத்துடறேன்." பையிலிருந்து டப்பாவை எடுத்து மூடியைத் திருகினாள். "இது குடுக்கலாம்தானே?"

சின்ன டாக்டர் டப்பாவின் மேல் இருந்த லேபிளைப் பார்த்தாள். "வைட்டமின்தானே, குடுங்க" என்றாள்.

அண்ணி இடது கையால் அவள் தலையைத் தூக்கிப் பிடித்தாள். வலது உள்ளங்கையில் இரண்டு மாத்திரை. அது அவள் உதட்டுக்குப் பக்கத்தில் வந்தது. அண்ணியின் கையில் சோப்பு வாசனை. இத்தனை வருடத்தில் இந்தக் கை தன்னை எப்படியெல்லாம் தொட்டிருக்கிறது என்பதும், இந்த நிமிடத்துக்குப் பிறகு தொடுமா என்பதும் அவள் மனதில் ஒன்றாக வந்தன. அவள் உதட்டை இறுக மூடிக்கொண்டாள்.

"வாயைத் திற."

அவள் முகத்தைத் திருப்பினாள். "அது வைட்டமின் இல்லை."

"என்ன?"

"வைட்டமின் இல்லை, டாக்டர். எச்.ஐ.வி. மாத்திரை. எட்டு வருஷமா சாப்பிடுறேன்."

அண்ணியின் கை அப்படியே நின்றது. தலையணை ஓரத்தில் வைத்திருந்த தண்ணீர் டம்ளர் சாய்ந்து தலையணை நனைந்தது. சின்ன டாக்டர் ஒரே எட்டில் வந்து அண்ணியின் உள்ளங்கையிலிருந்து மாத்திரைகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதுல ரிட்டோனாவிர் இருக்கா?"

"ஆமா. கண்ணு மஞ்சளாகுமே, அந்த மாத்திரை. அதுவும் நீங்க சொன்னதும் சேர்ந்தது."

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து மத்தியானம். இவங்கதான் குடுத்தாங்க."

சின்ன டாக்டர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தாள். கோபமா நிம்மதியா என்று தெரியவில்லை. "இந்த ரிட்டோனாவிர் இருக்கே, இது மத்த மருந்தை ஈரல் கரைக்க விடாது. வாசல்ல நின்னு வழியை அடைச்சுக்கும். நீங்க போட்ட தலைவலி மாத்திரை ஒண்ணுகூட வெளிய போகலை. ஆறும் உள்ளேயே நின்னு பல மடங்கு வேலை செய்யுது. ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடவே கூடாது." போனை எடுத்துக்கொண்டே நடந்தாள். நடந்தவள் திரும்பி, "நல்லவேளை சொன்னீங்க" என்றாள்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. டப்பாவை நர்ஸ் எடுத்துப் போனாள். சொட்டு மருந்தை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள். பெரிய டாக்டர் மறுபடி வந்தார். "இதை நேத்தே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆபரேஷனை மறுநாளைக்குத் தள்ளினார்.

"மாத்திரையை நிறுத்தினா கிருமி ஏறிடுமே டாக்டர்" என்று அவள் சின்ன டாக்டரிடம் கேட்டாள்.

"சில நாளைக்குத்தான். உங்க மையத்து டாக்டர்கிட்டப் பேசிட்டேன். வேற மாத்திரை பார்த்துத் தருவாங்க. இப்ப முதல்ல கால்."

இதெல்லாம் நடந்து முடிந்து அவள் திரும்பிப் பார்த்தபோது பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது. பையும் இல்லை.

அண்ணி அன்று சாயங்காலம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை.

வார்டில் விஷயம் பரவியிருந்தது. படுக்கை மாற்ற வந்தவள் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை போட்டுக்கொண்டு, விரிப்பை நுனியால் பிடித்து இழுத்தாள். எதிர்க்கட்டில் அம்மாவின் மகன் வந்து, அம்மாவை வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லி நர்ஸிடம் குசுகுசுவென்று பேசினான். "எனக்கு ஒடிஞ்சது இடுப்பு, காது இல்லை" என்றாள் அந்த அம்மா, வார்டுக்கே கேட்கும்படி. "தொட்டா ஒட்டாதுன்னு டாக்டர் சொன்னதை நானும்தான் கேட்டேன். நான் இங்கேயே இருக்கேன். நீ அந்தப் பொண்ணுக்குச் சாப்பாடு ஊட்டிட்டுப் போ." மகன் ஊட்டவில்லை. ஆனால் ஒரு நர்ஸ் வந்து ஊட்டினாள். அவள் மென்று விழுங்கினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்து வாய்க்குள் போனது; துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்ன டாக்டர், ரத்த ஓட்டத்தைக் கேட்கும் சின்னக் கருவியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பசையைத் தடவி அவள் கணுக்காலில் வைத்தாள். முதலில் வெறும் இரைச்சல். நகர்த்தினாள். எங்கோ தொலைவில் யாரோ பெருமூச்சு விடுவது போல, உஸ்... உஸ்... என்று கேட்டது.

"கேக்குதா?" என்றாள் சின்ன டாக்டர். "இது உங்க கால்."

மணிக்கட்டில் கருவியே வேண்டியிருக்கவில்லை. விரலுக்கே நாடி தட்டியது. மத்தியானத்துக்குள் உள்ளங்கை சிவந்து, தீக்குள் வைத்தது போல எரிய ஆரம்பித்தது. ரத்தம் திரும்பும்போது அப்படித்தான் எரியும் என்றார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த எரிச்சலை அனுபவித்தாள். பெரிய டாக்டர் வந்து பார்த்து, விரல்களை எடுக்க வேண்டாம், இடது கால் சுண்டுவிரலை மட்டும் பொறுத்துப் பார்க்கலாம் என்றார்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு அண்ணி வந்தாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் வீங்கியிருந்தது. போர்வையை விலக்கி அவள் காலைப் பார்த்தாள்.

"நிறம் வந்திருக்கு" என்றாள்.

"ம்."

"உன் மையத்துக்குத்தான் போயிட்டு வரேன். நேத்து லீவுன்னு கதவைச் சாத்தியிருந்தாங்க. இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கே போய் உட்கார்ந்துட்டேன்." அவள் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்திருந்தது. "உன்கிட்ட மறைக்க மாட்டேன். சின்னக்குட்டிக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தேன். எனக்கும்தான்."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"உனக்கு வலிக்கும்னு தெரியும். ஆனா நான் தாய். அவ உன் தட்டுல சாப்பிட்டிருக்கா, உன்னைக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கா. அந்த ரெண்டு நாளும் எனக்குக் கண்ணுல பொட்டுத் தூக்கம் இல்லை. ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு. அந்த நர்ஸம்மா என்னைத் திட்டாத திட்டு இல்லை. ஒண்ணாச் சாப்பிட்டா வராது, கட்டிப்பிடிச்சா வராது, அதுவும் இவ ரத்தத்துல கிருமியே கண்டுபிடிக்க முடியலை, எதுக்காக இந்தப் பிஞ்சுக் கையில ஊசி குத்த வைக்கிறீங்கன்னு."

"சின்னக்குட்டி அழுதாளா?"

"இல்லை. அத்தைக்கும் இப்படித்தான் குத்தினாங்களான்னு கேட்டா."

பிறகு அண்ணிக்குத் தன் குரல் திரும்பி வந்தது.

"ஏழு வருஷம். ஒரே அடுப்படியில நின்னிருக்கோம். நீ என்னைப் பத்தி என்ன நினைச்சே? தெரிஞ்சா வெளிய தள்ளிடுவேன்னா? சொல்லு."

"ஆமா அண்ணி."

அண்ணி எதிர்பார்த்தது வேறு பதில் போலிருக்கிறது. "தள்ளியிருப்பேனோ என்னமோ" என்றாள் கடைசியில். "ஏழு வருஷத்துக்கு முந்தி சொல்லியிருந்தா எனக்கே தெரியலை. ஆனா முந்தாநேத்து நானே என் கையால அந்த மாத்திரையைத் திரும்பவும் உன் வாயில போட்டிருப்பேனே. அதை நினைச்சாத்தான் என்னால தாங்க முடியலை. பாவி, என் கையை வச்சே உன்னைக் கொல்லப் பார்த்தியே."

அவள் அழுதாள். அண்ணி புடவைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள், அழுத்தமாக, பிள்ளைகளுக்கு மூக்குத் துடைப்பது போல.

அண்ணன் அந்த வாரக் கடைசியில்தான் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து போன் செய்தார். "என்ன விசேஷம்?" என்று கேட்டுத் தொலைத்தார். அண்ணி போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். முக்கால் மணி நேரம். வார்டுக்குள் படுத்திருந்தவர்களுக்கெல்லாம் முழுசாகக் கேட்டது. "நேரம் பார்க்கிறாராம் நேரம், பஞ்சாங்கத்தை விழுங்கின மாதிரி" என்று அவள் முடித்தபோது எதிர்க்கட்டில் அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

இடது காலின் சுண்டுவிரல் நுனியை எடுக்க வேண்டித்தான் வந்தது. மற்றதெல்லாம் பிழைத்தது. புதிய மாத்திரை கண்ணை மஞ்சளாக்கவில்லை. அதற்கு வேறு கட்டுப்பாடு. நிஜமான கால்சியம், இரும்பு மாத்திரைகளையும், வயிற்றெரிச்சல் மருந்தையும் அதோடு கண்டபடி சேர்த்துப் போடக் கூடாது, எத்தனை மணி நேரம் இடைவெளி என்று கேட்டுத்தான் போட வேண்டும். இந்தத் தடவை கொடுத்த தாளை அவள் கிழிக்கவில்லை. அண்ணி அதைப் பிரிஜ் கதவில் ஒட்டப் போனாள். அது மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிப் பீரோவுக்குள் ஒட்டவைத்தாள்.

ஆறு வாரம் கழித்து வேலைக்குப் போனாள். முதல் நாள் மத்தியானம் மருந்துக் கடைக்குப் போய், ஆள் இல்லாத நேரம் வரை காத்திருந்து, அன்றைக்கு அவர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. "என் பேர்லயும் தப்பு இருக்கும்மா. சீட்டு இல்லாம குடுத்திருக்கக் கூடாத மாத்திரை அது" என்றார். பூதக்கண்ணாடியிடம் அவள் எதையும் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை. விரல் நுனிகளில் உணர்ச்சி முழுசாகத் திரும்பவில்லை. லென்ஸை இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள், வேலை சற்று மெதுவாக நடக்கிறது.

வீட்டில் எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கொஞ்ச நாள் அவள் சாப்பிட்ட தட்டை அண்ணி தனியாக எடுத்து வெந்நீரில் கழுவினாள். இவள் பார்த்தும் பார்க்காதது போலிருந்தாள். நர்ஸ் சொன்னது அண்ணியின் மூளைக்கு ஏறிவிட்டது, கைக்கு இறங்க நாளானது. பிறகு ஒரு நாள் எல்லாத் தட்டும் ஒன்றாகக் கிடந்தன. எந்த நாள் என்று இரண்டு பேரும் குறித்து வைக்கவில்லை.

மாதா மாதம் மாத்திரை வாங்க அவள் தனியாகப் போவதில்லை. அண்ணி வேனில் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேராக மையத்துக்கு வந்துவிடுகிறாள். அங்கே வரிசையில் நின்று, "முன்னாடி வந்தவங்களை விட்டுட்டு யாருக்குய்யா டோக்கன் குடுக்கிறே?" என்று கேட்டு, முதல் மாதமே டோக்கன் கொடுப்பவரைக் கதிகலங்க வைத்துவிட்டாள்.